தகரப் பெட்டிக்குள் ஒரு சீட்டு
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'அமெரிக்க உளவு நாவல்களும் மலிவுப் பதிப்பு அதிரடிக் கதைகளும்' என்று நான் தலைப்பைச் சொன்னதும் துறைத் தலைவர் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, இந்த மேடையில் இதுவரை சங்க இலக்கியம், காப்பியம், சித்தர் பாடல் என்றுதான் பேசியிருக்கிறோம்" என்றார். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே என்றேன். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்யாதே. செய்தால் உன் மறையை நீயே தெருவில் போட்டவன் ஆவாய் என்பது அதன் கருத்து. வேலை வாங்கிக்கொள், மாலை மட்டும் போடாதே என்கிறார். அந்தக் குறளிலிருந்துதான் தொடங்கப்போகிறேன் என்று சொன்னதும் துறைத் தலைவருக்கு மூச்சு வந்தது.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம்.

அந்த நாடு சொந்தமாக எழுதிய முதல் பெரிய நாவல்களில் ஒன்றே ஓர் ஒற்றனின் கதைதான். ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1821-இல் வெளியிட்ட 'தி ஸ்பை'. அமெரிக்க விடுதலைப் போர்க் காலம். நியூயார்க் நகரம் பிரிட்டிஷ் படையின் கையில் இருக்கிறது. அதற்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் பகுதி இரண்டு படைக்கும் நடுவில், யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. அங்கே ஊர் ஊராக மூட்டை தூக்கி வியாபாரம் செய்கிறவன் ஹார்வி பிர்ச். இவன் பிரிட்டிஷாரின் கையாள் என்று அமெரிக்கப் படை நினைக்கிறது, பிடித்தால் தூக்கு. உண்மையில் அவன் வேலை செய்வது ஜார்ஜ் வாஷிங்டனுக்கு. அது வாஷிங்டனுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும்.

போர் முடிகிற நேரத்தில் வாஷிங்டன் அவனைத் தனியே அழைத்துப் பொன் கொடுக்கிறார். நீ செய்ததை நான் வெளியில் சொல்ல முடியாது, சாகும்வரை நீ துரோகி என்ற பெயரோடுதான் இருந்தாக வேண்டும் என்கிறார். பிர்ச் பொன்னை வாங்க மறுத்துவிடுகிறான். ஆண்டுகள் பல கழிந்து, 1812-இல் மூண்ட இரண்டாம் போரில், நயாகரா எல்லையில் ஒரு கிழவன் குண்டடிபட்டுச் சாகிறான். அவனிடம் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு சீட்டு. இவன் தன் நாட்டுக்கு உண்மையாக உழைத்த ஊழியன் என்று வாஷிங்டன் கையெழுத்திட்ட சீட்டு. துரோகி என்ற பெயரைத் துடைக்க எத்தனையோ முறை அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். அவன் காட்டவேயில்லை.

விடுதலைப் போரில் ஒற்றர் வேலையை நேரில் நடத்தியவர் ஜான் ஜே. பின்னாளில் அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதி ஆனவர். கூப்பருக்கு இந்தக் கதையின் கரு அவரிடமிருந்து கிடைத்தது என்பார்கள். ஜே அந்த ஒற்றனின் பெயரைச் சொல்லவில்லை. படித்தவர்கள் பல ஆண்டுகள் அது இவன்தான், அவன்தான் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். அமெரிக்க உளவுக் கதையில் ஒற்றனுக்குப் பெயர் கிடையாது. அந்தக் கதைகளில் பெரும்பகுதியை எழுதித் தள்ளியவர்களுக்கும் பெயர் கிடையாது. இரண்டு பெயரின்மையும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தன. கதாநாயகனை நாம் கொண்டாடினோம். எழுதியவனை அட்டையில்கூடத் தேடவில்லை.

இதில் என் குற்றமும் உண்டு. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால், அங்கே பழைய புத்தகக் கடைகளில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் வாங்கியவை எல்லாம் இந்த ஜாதிப் புத்தகங்கள்தான். அட்டையில் துப்பாக்கியும் பெண்ணும் இருந்தால் போதும். நிக் கார்ட்டர் என்றொரு எழுத்தாளர் இருக்கிறார், நிக் கார்ட்டர் என்ற தன் கதாநாயகனைப் பற்றி ஓயாமல் எழுதுகிறார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காகிதம். 1896-இல் ஃபிராங்க் மன்சி என்பவர் தம்முடைய 'ஆர்கோசி' பத்திரிகையை முழுக்க முழுக்கக் கதைப் பத்திரிகையாக மாற்றினார். மரக்கூழில் செய்த மட்டமான தாள், ஓரம் வெட்டாமல் பிசிறோடு இருக்கும். அட்டை மட்டும் வழவழவென்று வண்ணத்தில். அந்தக் கூழ்த்தாளின் பெயரால்தான் 'பல்ப்' என்ற சொல் வந்தது. தாள் மலிவு, விலை மலிவு, எழுத்தும் மலிவு. எழுதுகிறவருக்குச் சொல் எண்ணிக் கூலி. பெரும்பாலானவர்களுக்குச் சொல்லுக்கு ஒரு சென்ட், இரண்டு சென்ட். கூலி இப்படி என்றால் எழுத்து எப்படி இருக்கும்? வளவளவென்று இருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. நிறைய எழுதினால்தான் சோறு, நிறைய எழுத வேண்டுமானால் வேகமாக எழுத வேண்டும், வேகமாக எழுதுகிறவனுக்கு வருணனை செய்ய நேரமில்லை. கதவு திறக்கிறது, துப்பாக்கி நுழைகிறது, அடுத்த வரி. வினைச்சொல்லால் நடக்கிற ஓர் உரைநடை இந்த அவசரத்தில்தான் பிறந்தது.

'தி ஷேடோ' பிறந்த கதையைக் கேளுங்கள். 1930-இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற பதிப்பகம் தன் துப்பறியும் பத்திரிகைக்கு விளம்பரமாக ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்தியது. கதையை வாசிக்கிறவனுக்கு 'தி ஷேடோ', அதாவது நிழல் என்று பெயர் வைத்து, உறைய வைக்கிற ஒரு சிரிப்பையும் கொடுத்தார்கள். கேட்டவர்கள் கடைக்குப் போய், விளம்பரம் செய்த பத்திரிகையைக் கேட்கவில்லை, "அந்த நிழல் பத்திரிகை இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை. கேட்கிறார்களே, இருக்கட்டும் என்று 1931-இல் பத்திரிகையை உண்டாக்கினார்கள். எழுத உட்கார்ந்தவர் வால்டர் கிப்ஸன். மந்திரவித்தைக்காரர், ஹூடினி போன்ற பெரிய வித்தைக்காரர்களுக்காகப் பின்னாலிருந்து எழுதிக்கொடுத்து வந்தவர். பத்திரிகையில் அச்சான பெயர் மேக்ஸ்வெல் கிராண்ட். அந்தப் பெயர் பதிப்பகத்தின் சொத்து. எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்தாலும், கூலி கூட்டிக் கேட்டு முறைத்தாலும், இன்னொருவரை அதே நாற்காலியில் உட்கார வைக்கலாம், வாசகனுக்குத் தெரியாது.

கிப்ஸன் எழுந்திருக்கிற ஆளாக இல்லை. பத்திரிகை மாதம் இரு முறை ஆயிற்று. இதழுக்கு ஒரு முழு நாவல். ஆண்டுக்கு இருபத்து நான்கு. மொத்தம் வந்த 325 நாவல்களில் 282 அவர் கையால் வந்தவை. ஆண்டில் பத்து லட்சம் சொல்லைத் தாண்டுகிற கணக்கு இது. நம் தொடர்கதைச் சக்கரவர்த்திகளே இந்தக் கணக்கைக் கேட்டால் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. நிழல் என்ற அந்த நாயகன் லமாண்ட் கிரான்ஸ்டன் என்ற பணக்காரராக ஊரில் நடமாடுவான். நாமும் அவன்தான் இவன் என்று நம்பியிருப்போம். கிப்ஸன் ஒரு போடு போட்டார். கிரான்ஸ்டன் என்பவர் உண்மையிலேயே வேறொரு மனிதர். அவர் வெளிநாட்டில் சுற்றும்போது இவன் அந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொள்கிறான். இவனுடைய சொந்தப் பெயர் 1937-இல்தான் தெரிந்தது: கென்ட் அல்லார்டு, முதல் உலகப் போரில் விமானியாகவும் உளவாளியாகவும் இருந்தவன். இரவல் பெயரில் வாழும் நாயகனை இரவல் பெயரில் வாழும் எழுத்தாளர் எழுதுகிறார். கிப்ஸன் இதை நினைத்து எழுதினாரா, பக்கத்தை நிரப்ப எழுதினாரா? இரண்டும்தான் என்பேன்.

அதே பதிப்பகம் 1933-இல் 'டாக் சாவேஜ்' கொண்டுவந்தது. அட்டையில் கென்னத் ராபஸன். எழுதியவர் பெரும்பாலும் லெஸ்டர் டென்ட். இவர் தந்தி அலுவலகத்தில் இரவு வேலை பார்த்தவர். கதைகளைப் படித்துப் படித்து, இதை நாமும் எழுதலாமே என்று தொடங்கியவர். இவர் வகுத்த கதைச் சூத்திரம் இன்றும் எழுத்துப் பட்டறைகளில் சுற்றுகிறது. ஆறாயிரம் சொல் கதையை நான்காக வெட்டு. முதல் ஆயிரத்து ஐந்நூறில் நாயகனைச் சங்கடத்தில் தள்ளு. அடுத்ததில் இன்னும் தள்ளு. மூன்றாவதில் மண்ணைப் போட்டு மூடு. நான்காவதில் அவன் தன் புத்தியாலும் கையாலும் வெளியே வரட்டும். ஒவ்வொரு கால்பகுதியின் முடிவிலும் ஒரு திருப்பம். சமையல் குறிப்பு போல இருக்கிறது என்று சிரிக்கலாம். ரசத்துக்கும் குறிப்பு உண்டு. எல்லார் வீட்டு ரசமும் ஒன்றாக இருப்பதில்லை.

டென்டுக்கு உள்ளூர ஓர் ஏக்கம் இருந்தது. 1936-இல் 'பிளாக் மாஸ்க்' பத்திரிகையில் தன் சொந்தப் பெயரில் இரண்டு கதைகள் எழுதினார். அந்தப் பத்திரிகை அன்று இந்த உலகத்தின் உச்சி. டாஷியல் ஹாமெட்டும் ரேமண்ட் சாண்ட்லரும் எழுதிய இடம். இரண்டு கதையோடு நின்றது. 1959-இல் டென்ட் இறந்தார். 1964-இல் பான்டம் நிறுவனம் டாக் சாவேஜ் கதைகளைப் பாக்கெட் புத்தகமாக மறுபடி அச்சிட்டது; புதுத் தலைமுறை அள்ளிக்கொண்டு போனது. அட்டையில் அப்போதும் கென்னத் ராபஸன்தான்.

ஹாமெட்டை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் எழுத்தாளர் ஆவதற்கு முன் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். ஆளைப் பின்தொடர்வது எப்படி என்பது அவருக்குக் கால் வலியோடு தெரியும். 1934-இல் நாளிதழ்ப் படக்கதை ஒன்றுக்கு எழுதக் கூப்பிட்டார்கள். அலெக்ஸ் ரேமண்ட் வரைந்தார். நாயகன் அரசாங்க ரகசிய ஏஜெண்ட். பெயர் கிடையாது. எக்ஸ்-9, அவ்வளவுதான். ஹாமெட் சீக்கிரமே விலகிவிட்டார். கதை மட்டும் கை மாறி மாறிப் பல பத்தாண்டு ஓடியது. நடுவில் யாரோ இரக்கப்பட்டு நாயகனுக்குப் பெயர் வைத்தார்கள்: ஃபில் காரிகன். சிவகாசியில் அச்சான முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருந்தால் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆம், அதே காரிகன்தான். நாம் அரைக்கால் சட்டையில் படித்த அந்த ஏஜெண்டுக்கு முதல் வரி எழுதியவர் 'மால்டீஸ் ஃபால்கன்' எழுதியவர்.

அந்த ஹாமெட் 1951-இல் சிறைக்குப் போனார். இடதுசாரி அமைப்பு ஒன்றின் ஜாமீன் நிதியைப் பார்த்துக்கொண்ட பொறுப்பாளர்களில் அவர் ஒருவர். அந்த நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல் என்று நீதிமன்றம் கேட்டது. சொல்ல மாட்டேன் என்றார். நீதிமன்ற அவமதிப்பு, ஏறக்குறைய ஐந்து மாதம் உள்ளே. பெயரில்லாத ஏஜெண்டைப் படைத்தவர், பெயர் சொல்லாமல் சிறை போனார்.

ஆபரேட்டர் 5 என்ற இன்னொருவன் 1934 முதல் 1939 வரை 48 இதழ்களில் அமெரிக்காவைப் படையெடுப்புகளிலிருந்து காப்பாற்றினான். அட்டையில் கர்ட்டிஸ் ஸ்டீல். உள்ளே மூன்று வெவ்வேறு மனிதர்கள். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கதைகளைத் தேடிப் படித்தேன், அலுப்பாக இருந்தது.

போர் வந்தது, தாள் தட்டுப்பாடு வந்தது, படக்கதை வந்தது, பின்னாலேயே தொலைக்காட்சி. 1949-இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தன் கதைப் பத்திரிகைகளில் பெரும்பாலானவற்றை ஒரே மூச்சில் நிறுத்தியது. நிழலும் டாக் சாவேஜும் அன்றோடு போனார்கள்.

எழுதியவர்கள் எங்கே போனார்கள்? பாக்கெட் புத்தகத்துக்கு. 1939-இல் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் தொடங்கிவைத்த வழக்கம் அது. மருந்துக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் கம்பி ரேக்கில் சுழலும். ஆனால் அவை மறுபதிப்புகள். கெட்டி அட்டையில் வந்து ஓய்ந்த நாவலை மெல்லிய அட்டையில் மறுபடி விற்பார்கள். ஃபாஸெட் என்ற நிறுவனம் வேறொரு பதிப்பகத்தின் பாக்கெட் புத்தகங்களைக் கடைகளுக்கு எடுத்துச் சென்று விநியோகிக்கும் வேலை பார்த்துவந்தது. நீங்கள் மறுபதிப்புப் போட்டு எங்களுக்குப் போட்டியாக வரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. ஃபாஸெட்காரர்கள் அந்த வரியை நன்றாகப் படித்தார்கள். மறுபதிப்புதானே கூடாது? புத்தம் புது நாவலை நேராகப் பாக்கெட் புத்தகமாகவே போட்டால்? 1950-இல் 'கோல்டு மெடல்' வரிசை பிறந்தது. ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாக ஓர் இலக்கிய வகையே நுழைந்து வந்தது.

இங்கே கூலி முறையும் மாறியது. விற்றால் பார்க்கலாம் என்று சொல்லாமல், எத்தனை பிரதி அச்சிடுகிறோமோ அதற்கு ஏற்ற பணம் எழுத்தாளர் கையில். அதோடு அட்டையில் சொந்தப் பெயர். ஜான் டி. மக்டொனால்டு போன்றவர்கள் வளர்ந்தது இந்தக் கூரையின் கீழ். எட்வர்டு ஆரன்ஸ் 1955-இல் சாம் டுரெல் என்ற சி.ஐ.ஏ. ஆளைக் கொண்டுவந்தார், லூசியானா சதுப்புநிலத்தில் பிறந்த அவனை நாட்டுக்கொரு நாவலாக உலகம் சுற்ற வைத்தார். 1960-இல் வந்தவர்தான் நான் நின்று பேச வேண்டியவர்: டொனால்டு ஹாமில்டன்.

ஸ்வீடனில் 1916-இல் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். போர்க்காலத்தில் கடற்படையில் வேதியியலாளர். பிறகு நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சான்டா ஃபே நகரில் குடியேறி, படம் பிடித்துக்கொண்டும் வேட்டையாடிக்கொண்டும் கௌபாய் கதைகளும் துப்பறியும் கதைகளும் எழுதிக்கொண்டிருந்தார். 1960-இல் வெளியான நாவலின் பெயர் 'டெத் ஆஃப் எ சிட்டிஸன்'. ஒரு குடிமகனின் சாவு. செத்த குடிமகன் யார் என்று தேடிக்கொண்டே படிப்போம்.

மாட் ஹெல்ம் என்பவன் சான்டா ஃபேயில் குடும்பஸ்தன். மனைவி, குழந்தைகள், கேமரா, கௌபாய் நாவல் எழுதும் தொழில். ஆசிரியர் கண்ணாடியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஒரு மாலை விருந்தில் கையில் கோப்பையோடு நிற்கிறான். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வருகிறாள். போரின்போது ஐரோப்பாவில் அவனோடு சேர்ந்து ஆள் கொல்லும் ரகசிய வேலை பார்த்தவள். அவன் அந்த வாழ்க்கையைப் புதைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது, மனைவிக்குக்கூடத் தெரியாது. அவள் விரலால் ஒரு பழைய சைகை காட்டுகிறாள். அவ்வளவுதான், வீடு போய்விட்டது. ஒரு பிணம், ஒரு நீண்ட கார்ப் பயணம், கடைசியில் அவனுடைய சின்ன மகளைக் கடத்திவிடுகிறார்கள். மகள் எங்கே என்று தெரிந்துகொள்ள, தன் பழைய தோழியிடமிருந்து உண்மையை வரவழைக்க அவன் என்ன செய்கிறான் என்பதை ஹாமில்டன் விவரிப்பதேயில்லை. வேலை முடிந்த இடத்துக்கு அவன் மனைவி வந்து பார்த்துவிடுகிறாள். குழந்தை கிடைத்துவிடுகிறது, மனைவி அவனோடு வாழ மறுக்கிறாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை. செத்த குடிமகன் அவன்தான்.

கூப்பரின் மூட்டை வியாபாரி நாட்டுக்காகத் தன் நல்ல பெயரை இழந்தான். ஹெல்ம் தன் நல்ல பெயரை, நல்ல கணவன், நல்ல அப்பன், நல்ல அண்டைவீட்டுக்காரன் என்ற பெயரை, தன் கையாலேயே கொல்கிறான். அதன் அடியில் இருந்தது எரிக் என்ற பழைய சங்கேதப் பெயர். அடுத்து வந்த நாவல்களில் அவன் அந்தப் பெயரில்தான் வாழ்கிறான். 1993 வரை இருபத்தேழு நாவல்கள். எல்லாம் தன்கூற்றில், தட்டையான குரலில், அழாமல் சிரிக்காமல். பெண்கள் கால்சட்டை போடுவதைப் பற்றி மட்டும் இவன் புலம்புகிற புலம்பல் தாங்காது. எங்கள் ஊர்ப் பெரிய மாமாவே தேவலை. அதைத் தாண்டிவிட்டால், துப்பாக்கியின் எடை, கார் சக்கரம் மணலில் சிக்கும் விதம், தூக்கமில்லாத மூன்றாம் நாள் மூளை எப்படி வேலை செய்யும் என்று ஒவ்வொன்றும் பழகிய கை எழுதியதாக இருக்கும்.

1966 முதல் 1968 வரை டீன் மார்ட்டினை வைத்து நான்கு ஹெல்ம் படங்கள் எடுத்தார்கள். பாட்டு, கூத்து, வட்டக் கட்டில். படம் பார்த்தவர்கள் புத்தகத்தைத் தொடவில்லை. தொட்டவர்கள் அதிர்ச்சி அடைந்தார்கள்.

அந்தக் கூத்துக்குக் காரணம் இங்கிலாந்திலிருந்து வந்த ஒருவர். 1961 மார்ச்சில் 'லைஃப்' பத்திரிகை ஜனாதிபதி கென்னடிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களை வெளியிட்டது. அதில் ஒன்று ஜேம்ஸ் பாண்ட் நாவல். அன்று முதல் அமெரிக்கப் பதிப்பகங்கள் எல்லாம் எங்களுக்கும் ஒரு பாண்ட் வேண்டும் என்று அலைந்தன. லைல் கென்யன் எங்கல் என்றொரு கதை ஒப்பந்ததாரர் பரணிலிருந்து ஒரு பெயரை எடுத்துத் தூசி தட்டினார். நிக் கார்ட்டர். 1886-இல் பிறந்த பழைய துப்பறியும் ஆள். 1964-இல் அவனை 'ஆக்ஸ்' என்ற ரகசிய அமைப்பின் 'கில்மாஸ்டர்' ஆக்கி இறக்கிவிட்டார். துப்பாக்கிக்கு வில்ஹெல்மினா, கத்திக்கு ஹூகோ, நச்சுப்புகைக் குண்டுக்கு பியர் என்று ஆயுதங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. எழுதியவருக்குத்தான் இல்லை. 1990 வரை 261 நாவல்கள், அட்டையில் ஆசிரியர் இடத்தில் நிக் கார்ட்டர். இந்தப் புத்தகங்களைத்தான் நான் மூர் மார்க்கெட்டில் அள்ளினேன்.

பிற்பாடு தெரிந்தது. முதல் நாவலை எழுதியவர்கள் மைக்கேல் அவலோனும் வேலரி மூல்மனும். வேலரி ஒரு பெண். ஆண்மை ஆண்மை என்று மீசை முறுக்கிய அந்தத் தொடரின் தொடக்க நாவல்கள் பலவற்றில் அவர் கை உண்டு. 'கார்க்கி பார்க்' எழுதிப் புகழ்பெற்ற மார்ட்டின் குரூஸ் ஸ்மித்தும் ஒரு காலத்தில் நிக் கார்ட்டராக இருந்து வாடகை கட்டியவர்தான்.

இனி இந்தக் கதையின் நடு முடிச்சுக்கு வருகிறேன். இதுவரை ஒற்றன் ஒருவன், எழுதுகிறவன் வேறொருவன். இருவரும் ஒரே ஆளாக இருந்தால்?

ஈ. ஹோவர்ட் ஹண்ட். 1946-இல் கக்கன்ஹைம் நல்கை பெற்ற, நம்பிக்கையூட்டிய இளம் நாவலாசிரியர். 1950-இல் கோல்டு மெடலின் ஆரம்பகால நாவல்களில் ஒன்று அவருடையது. அதற்குள் அவர் சி.ஐ.ஏ.-வில் சேர்ந்துவிட்டார். பகலில் உளவு, இரவில் நாவல். 1954-இல் குவாட்டமாலா அரசைக் கவிழ்த்த வேலையில் இருந்தார். 1961-இல் கியூபாவின் பன்றி விரிகுடாவில் தோற்ற வேலையிலும் இருந்தார். ராபர்ட் டீட்ரிக், கார்டன் டேவிஸ், இன்னும் பல பெயர்களில் எழுதிக் குவித்தார். 1965 முதல் டேவிட் செயிண்ட் ஜான் என்ற பெயரில் பீட்டர் வார்டு என்ற சி.ஐ.ஏ. நாயகனின் கதைகள். அமெரிக்க பாண்ட் ஆகட்டும் என்று பண்ணிப் பார்த்த பொம்மை அது. புனைபெயரைத் தன் இரண்டு மகன்களின் பெயரிலிருந்து எடுத்துக் கோத்திருந்தார். பெரிய ரகசியக்காரர்!

1972 ஜூன் 17 அதிகாலை வாஷிங்டன் நகரில் வாட்டர்கேட் கட்டடத்தில் ஐந்து பேர் திருட்டுத்தனமாக நுழைந்து பிடிபட்டார்கள். அவர்களிடம் இருந்த முகவரிக் குறிப்பேட்டில் ஒரு பெயரும் எண்ணும், பக்கத்தில் வெள்ளை மாளிகை என்று புரிகிற குறிப்பும் இருந்தன. அந்தப் பெயர் ஹோவர்ட் ஹண்ட். வாழ்நாளெல்லாம் டஜன் கணக்கில் பொய்ப் பெயர்களில் நடமாடியவர், தன் ஆட்களின் பாக்கெட்டில் உண்மைப் பெயரோடு இருந்தார். பீட்டர் வார்டு கதையில் ஓர் ஏஜெண்ட் இப்படிச் செய்வதாக யாராவது எழுதியிருந்தால் பதிப்பாசிரியர் சிவப்பு மையால் அடித்திருப்பார். ஹண்டுக்கு முப்பத்து மூன்று மாதம் சிறை. ஒரு ஜனாதிபதியின் பதவி போனது. கோர் விடால் 1973-இல் ஹண்டின் நாவல்களை எல்லாம் வரிசையாகப் படித்து நீண்ட கட்டுரை ஒன்றே எழுதினார். உளவாளியைத் தெரிந்துகொள்ள அவன் எழுதிய மலிவுப் பதிப்புகளைப் புலனாய்வு செய்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டே ஜேம்ஸ் கிரேடி என்ற இளைஞர் 'சிக்ஸ் டேஸ் ஆஃப் தி காண்டோர்' எழுதினார். அதில் நாயகனுக்கு சி.ஐ.ஏ.-வில் வேலை என்ன தெரியுமா? துப்பறியும் நாவல், உளவு நாவல் எல்லாவற்றையும் படித்து, உண்மை ரகசியம் ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது. இந்த அவையில் பாதிப் பேருக்கு அந்த வேலை பிடிக்கும். 1975-இல் படமாக்கியபோது ஆறு நாள் மூன்று நாளாகச் சுருங்கியது. மெக்ஸிகோவில் ஹண்டின் கீழ் சி.ஐ.ஏ.-வில் கொஞ்ச காலம் வேலை பார்த்த வில்லியம் பக்லி 1976-இல் தானும் ஓர் உளவு நாவல் எழுதினார். சொந்தப் பெயரில்தான்; அவருக்கு அந்த வசதி இருந்தது. உண்மையில் சி.ஐ.ஏ.-விலிருந்து வெளியே வந்தவர்களில் நல்ல உரைநடை எழுதியவர் சார்ல்ஸ் மக்கேரி. அவருக்குத் தனிச் சொற்பொழிவு வேண்டும்.

கடைசியாக ஒருவர். டான் பென்டில்டன் 1969-இல் 'வார் அகெயின்ஸ்ட் தி மாஃபியா' எழுதினார். வியட்நாமில் குறிபார்த்துச் சுடும் வீரனாக இருந்த மாக் போலன், குடும்பத்தை அழித்த மாஃபியாவோடு தனி ஆளாகப் போர் தொடங்குகிறான். 'எக்ஸிக்யூஷனர்' என்ற அந்தத் தொடர் பேயாக விற்றது. நடுவில் பதிப்பகத்தோடு தகராறு. பதினாறாவது நாவல் வேறொரு பெயரில் வந்தது. பென்டில்டன் போராடித் தன் தொடரை மீட்டார். தன் பெயருக்காகச் சண்டை போட்ட மனிதர். 1980-இல் உரிமையைக் காதல் கதைகளுக்குப் பேர்போன ஹார்லெக்வின் நிறுவனத்துக்கு விற்றார். அதற்குப் பிறகு போலன் கதைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. எழுதியவர்கள் யார் யாரோ. அட்டையில் டான் பென்டில்டன். 1995-இல் அவர் இறந்த பிறகும் டான் பென்டில்டன் எழுதிக்கொண்டே இருந்தார். உயிருள்ள ஒருவரின் சொந்தப் பெயர், மேக்ஸ்வெல் கிராண்ட் போலக் கம்பெனிச் சொத்தானது.

ஆனாலும் அந்தப் புத்தகங்களில் ஒரு நேர்மை உண்டு. உரிமைப் பக்கத்தில், சின்ன எழுத்தில், இந்த நூலுக்கு இன்னார் அளித்த பங்களிப்புக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கும். அந்த இன்னார்தான் முழு நாவலையும் எழுதியவர். அந்த ஒரு வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹார்வி பிர்ச்சின் தகரப் பெட்டி ஞாபகம் வரும்.

இவை எல்லாம் உன்னத இலக்கியம் என்று நான் வாதாட வரவில்லை. பெரும்பாலானவை குப்பை. ஆசியர் என்றால் சதிகாரர், பெண் என்றால் படுக்கை அல்லது பிணம், சித்திரவதை என்றால் ஒரு சௌகரியம் என்று எழுதிய பக்கங்களை இன்று படித்தால் முகம் சுளிக்கிறது. சுளிக்கத்தான் வேண்டும். வாரன் மர்ஃபியும் ரிச்சர்டு சாப்பிரும் 1971-இல் 'டெஸ்ட்ராயர்' தொடரைத் தொடங்கியபோது இந்த ஜாதிக் கதைகளையே நையாண்டி செய்தார்கள். மின்சார நாற்காலியில் கொன்றுவிட்டதாகப் பொய்க் கணக்குக் காட்டி, ஏட்டில் செத்துப்போன ஒரு போலீஸ்காரன்தான் அதில் நாயகன். நான் சொல்வது சின்ன விஷயம். ஹாமெட்டின் வரியையும் ஹாமில்டனின் வரியையும் படித்துக் காட்டி உரைநடை கற்றுக்கொடுக்கலாம். அந்த உரைநடையைத் தினக்கூலி அடித்து அடித்துச் செதுக்கியது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். கூழ்த்தாளில் அமிலம் உண்டு. அது தன்னைத்தானே தின்னும். மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டால் அப்பளமாக நொறுங்கும். அமெரிக்காவில் கிப்ஸனும் டென்டும் எத்தனை எழுதினார்கள் என்று இன்று எண்ணிச் சொல்ல முடிகிறதென்றால், அந்த இதழ்களை யாரோ பைத்தியக்காரத்தனமாகச் சேர்த்து வைத்ததால்தான். நம்மிடமும் கோட்டையூர் ரோஜா முத்தையா என்றொருவர் அப்படிச் சேர்த்தார். அவர் சேகரிப்பு இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா படித்த துப்பறியும் நாவல், அப்பா ஒளித்து வைத்த பாக்கெட் நாவல், சித்தப்பாவின் காமிக்ஸ் மூட்டை ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், போடுவதற்கு முன்னால் உரிமைப் பக்கத்தைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் பெயரை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். முகவரி அழைப்பிதழின் பின்பக்கத்தில் இருக்கிறது.